‘50 கி.மீ. ரேஞ்ச்’ நிஜமா? வாக்கி டாக்கி ரிப்பீட்டர் எவ்வளவு தூரம் எட்டும்?

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. முதலில் கரண்ட் போனது. டவர்களில் இருந்த பேட்டரியும் டீசலும் தீர்ந்ததும் செல்போன் சிக்னலும் போனது. உள்ளடங்கிய பல கிராமங்களில் என்ன சேதம், யாருக்கு என்ன ஆச்சு என்று வெளியே சொல்லக்கூட வழியில்லை.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் - சென்னை ரயிலின் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கினார்கள். சுற்றிலும் வெள்ளம். தூத்துக்குடி மாவட்டத்தின் பல இடங்களில் போன் வேலை செய்யவில்லை.

இப்படி ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் ஒரே யோசனைதான் வருகிறது: “செல்போனை மட்டும் நம்பக் கூடாது. வயர்லெஸ் வெச்சுக்கணும்.” நல்ல யோசனை. உயரத்தில் ஒரு ரிப்பீட்டர், களத்தில் இருப்பவர்கள் கையில் வாக்கி டாக்கி. அவ்வளவுதான், இன்டர்நெட்டும் வேண்டாம், சிம் கார்டும் வேண்டாம்.

அடுத்த கேள்வி தானாகவே வரும்: “ரேஞ்ச் எவ்ளோ?”

“50 கிலோமீட்டர் சார்” என்று ஒரு பதில் கிடைக்கும். கேட்டவர் மேப்பில் ஒரு வட்டம் போடுவார். வட்டத்துக்குள் இருக்கும் ஊர் எல்லாம் பத்திரம் என்று ஃபைல் மூடப்படும்.

அந்த வட்டம்தான் பிரச்சினை. ரிப்பீட்டரின் ரேஞ்ச் வட்டமாக இருக்காது. ஒற்றை எண்ணிலும் அடங்காது. இது டெக்னிக்கல் சமாசாரம் என்று தள்ளிவிடக் கூடிய விஷயமும் அல்ல. ஏனென்றால், அந்த வட்டம் தப்பு என்று தெரியவருவது பெரும்பாலும் புயல் அடிக்கும் நாளில்தான்.

ரிப்பீட்டர் என்ன செய்யும்?

ஊர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். கூட்டத்தில் ஒரு அம்மா குழந்தையைத் தொலைத்துவிட்டார். அவர் எவ்வளவு கத்தினாலும் பத்து அடிக்கு மேல் கேட்காது. அறிவிப்பு மேடைக்குப் போய் விஷயத்தைச் சொல்கிறார். மேடையில் இருப்பவர் அதையே மைக்கில் சொல்ல, திடல் முழுக்கக் கேட்கிறது.

ரிப்பீட்டர் செய்வதும் இதேதான். கையில் இருக்கும் வாக்கி டாக்கியின் சக்தி பொதுவாக 5 வாட். அதை வைத்திருப்பவர் தரையில் நிற்கிறார். சுற்றிலும் வீடு, மரம், சுவர். நகரத்துக்குள் இரண்டு பேர் நேரடியாகப் பேசினால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம். ரிப்பீட்டர் ஒரு டவரிலோ மலையிலோ உட்கார்ந்துகொண்டு ஒரு அலைவரிசையில் கேட்கிறது. கேட்டதை அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் அதிக சக்தியோடு அனுப்புகிறது.

ஒரு சந்தேகம் வரலாம். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த ஹாம் ரேடியோ ஆபரேட்டர் பாரதி பிரசாத்தும் குழுவினரும் அந்தமானிலிருந்து இந்தியப் பெருநிலத்துக்கே தகவல் அனுப்பினார்களே, அது ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஆச்சே? உண்மைதான். ஆனால் அவ்வளவு தூரம் போவது ஷார்ட் வேவ். அது வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பித் தரைக்கு வரும். ரிப்பீட்டர்கள் இயங்கும் வி.ஹெச்.எஃப்., யு.ஹெச்.எஃப். அலைகள் பொதுவாக அப்படித் திரும்பி வராது. ஏறத்தாழ நேர்க்கோட்டில் போகும். எதிரே மலை இருந்தால் அதன் பின்னால் நிழல் விழும். பூமி வளைந்தால் மேலே கடந்து போய்விடும். அதனால் ரிப்பீட்டரின் முதல் எதிரி பூமியின் வளைவு.

முதல் கணக்கு: உயரம்

இந்தக் கணக்கை போன் கால்குலேட்டரிலேயே போடலாம். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வர்க்கமூலத்தை, அதாவது ஸ்கொயர் ரூட்டை, 4.12-ஆல் பெருக்குங்கள். வருவதுதான் அந்த ஆன்டெனாவின் ரேடியோ அடிவானம், கிலோமீட்டரில். கண்ணுக்குத் தெரியும் அடிவானத்தைவிட இது கொஞ்சம் அதிகம். காரணம், காற்று மண்டலம் அலையைச் சற்றே கீழே வளைக்கிறது.

30 மீட்டர் டவர் என்றால் ஏறத்தாழ 22.5 கி.மீ. தரையில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் வாக்கி டாக்கி பிடித்திருப்பவருக்கும் ஒரு அடிவானம் உண்டு: சுமார் 5 கி.மீ. இரண்டையும் கூட்டினால் 27.5 கி.மீ. சமதரையில் அந்த ரிப்பீட்டருக்கும் அந்த மனிதருக்கும் இடையே இருக்கக்கூடிய நேர்க்கோட்டு எல்லை அது.

அப்படியானால், 50 கி.மீ. வேண்டுமென்றால் டவர் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? 120 மீட்டர். ஏறத்தாழ 40 மாடிக் கட்டிடம். தூரம் இரண்டு மடங்கு ஆக, உயரம் நான்கு மடங்கு ஆக வேண்டும். பெட்டியின் மேல் போட்டிருக்கும் 50 கி.மீ.யில் இந்த 40 மாடி சத்தமில்லாமல் ஒளிந்திருக்கிறது.

நாகை முதல் வேதாரண்யம் வரை

கஜா கடந்த அதே நிலத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். டெல்டா மாவட்டம், மலை கிடையாது, மேடு கிடையாது. உயரம் வேண்டுமென்றால் டவர்தான் கட்ட வேண்டும். நாகப்பட்டினத்தில் மாவட்டத் தலைமையகத்தின் பக்கத்தில் 30 மீட்டர் டவரில் ஒரு ரிப்பீட்டர் வைப்பதாக வைத்துக்கொள்வோம். கையடக்கக் கருவிக்கு எல்லை 27.5 கி.மீ.

வேளாங்கண்ணி சுமார் 10 கி.மீ. பிரச்சினை இல்லை. வேதாரண்யம்? நேர்க்கோட்டில் ஏறத்தாழ 45 கி.மீ. எட்டாது. கோடியக்கரை அதற்கும் தெற்கே. அங்கே வாய்ப்பே இல்லை. டவரை இரண்டு மடங்காக்கி 60 மீட்டர் ஆக்கினாலும் எல்லை 37 கி.மீ.தான். அப்போதும் வேதாரண்யம் வெளியே.

மேப்பில் போட்ட 50 கி.மீ. வட்டத்துக்குள் வேதாரண்யம் இருக்கும். புயல் வந்து நின்ற இடத்தில் வாக்கி டாக்கி கையில் இருப்பவருக்கு ரிப்பீட்டர் இருக்காது.

வழியே இல்லையா? இருக்கிறது. ரிப்பீட்டரைத் தலைமையகத்தில்தான் வைக்க வேண்டும் என்று யார் சொன்னது? தலைஞாயிறு பக்கம் வைத்தால் நாகப்பட்டினமும் வேதாரண்யமும் இரண்டுமே சுமார் 25 கி.மீ.க்குள் வந்துவிடும். அதே 30 மீட்டர் டவர், அதே மெஷின். கையடக்கக் கருவிக்கு 25 கி.மீ. என்பது எல்லையின் ஓரம், நம்ப முடியாது. ஆனால் இரண்டு ஊர்களிலும் அலுவலக மொட்டை மாடியில் 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு ஆன்டெனா வைத்துவிட்டால், அந்த இரண்டு நிலையங்களுக்கும் எல்லை 35 கி.மீ.யைத் தாண்டுகிறது. நடுவில் இருக்கும் கிராமங்களுக்கு வாக்கி டாக்கியே போதும் என்ற நிலை வரலாம்.

அதிகாரி உட்காரும் இடம் ரிப்பீட்டருக்கு நல்ல இடமாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. இந்த ஒரு முடிவு, பல லட்சம் செலவழித்து வாங்கும் பெரிய மெஷினைவிட அதிக வேலை செய்யும்.

கோடை எஃப்.எம். மட்டும் எப்படி?

தென் மாவட்டத்துக்காரர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். கொடைக்கானலிலிருந்து 100.5-இல் வரும் கோடை பண்பலை மதுரையிலும் கேட்கிறது, அதைத் தாண்டியும் கேட்கிறதே?

காரணம் அதே கணக்குதான். சமவெளியிலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம் என்று எடுத்தால், அடிவானம் 184 கி.மீ. வருகிறது. இயற்கையே கட்டிக் கொடுத்த டவர் அது. டிரான்ஸ்மிட்டரின் சக்தி 10 கிலோவாட்.

ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. கோடை எஃப்.எம். பேசுகிறது, நாம் கேட்கிறோம். பஸ்ஸில் பாட்டுக் கேட்பவர் கொடைக்கானல் மலைக்குத் திருப்பிப் பேச வேண்டியதில்லை. ரிப்பீட்டரில் பேச வேண்டும். அதுவும் 10 கிலோவாட்டில் அல்ல, 5 வாட்டில்.

ரேஞ்ச் பற்றிய பெரும்பாலான ஏமாற்றங்கள் ஆரம்பிக்கும் இடம் இதுதான்.

வாய் பெருசு, காது சிறுசு

ஹாம் ரேடியோக்காரர்கள் மோசமான ரிப்பீட்டருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்: ‘அலிகேட்டர்’. முதலைக்கு வாய் பெருசு, காது சிறுசு. அது பேசுவது ஊருக்கே கேட்கும். ஊர் பேசுவது அதற்குக் கேட்காது.

திருவிழா மேடைக்கே திரும்பிப் போகலாம். லவுட் ஸ்பீக்கரைப் பத்து மடங்கு பெருசாக்கினால் அறிவிப்பு பக்கத்து ஊர் வரை கேட்கும். ஆனால் குழந்தையைத் தொலைத்த அம்மாவின் குரல் மேடைக்குப் போய்ச் சேர அது உதவுமா? துளியும் உதவாது.

கணக்காகவே பார்க்கலாம். ரிப்பீட்டர் 50 வாட், வாக்கி டாக்கி 5 வாட். பத்து மடங்கு வித்தியாசம். இரண்டின் ரிசீவரும் ஒரே திறன் என்று வைத்துக்கொள்வோம். சமதரையில், தரையை ஒட்டிப் போகும் சிக்னல் தூரத்தின் நான்காம் அடுக்கில் குறைகிறது. அதாவது தூரம் இரட்டித்தால் சிக்னல் பதினாறில் ஒரு பங்காகிவிடும். இந்த விதிப்படி பத்து மடங்கு சக்தி தருவது 1.8 மடங்கு தூரம்.

வாக்கி டாக்கியிலிருந்து ரிப்பீட்டருக்கு 15 கி.மீ. எட்டினால், ரிப்பீட்டரிலிருந்து வாக்கி டாக்கிக்கு 27 கி.மீ. எட்டும். இந்த 15-க்கும் 27-க்கும் இடையே ஒரு வளையம் இருக்கிறது. அதற்குள் நிற்பவருக்குக் கட்டுப்பாட்டு அறை பேசுவது தெளிவாகக் கேட்கும். அவர் பேசுவது யாருக்கும் கேட்காது.

அந்த வளையம் சின்னது இல்லை. பரப்பளவு போட்டுப் பாருங்கள்: உள்வட்டம் சுமார் 700 சதுர கி.மீ.; வளையம் சுமார் 1,580 சதுர கி.மீ. இரண்டு மடங்குக்கும் மேல். விளம்பரத்தில் வருவது 27. உதவி கேட்கக் கூடிய தூரம் 15.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சிக்னலே இல்லாத இடத்தில் நிற்பவர் வேறு வழி தேடுவார். கேட்கும், ஆனால் பேச முடியாது என்ற வளையத்தில் நிற்பவர், தன் தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பிக்கொண்டே நிற்கக்கூடும். கட்டுப்பாட்டு அறையிலோ, அந்தப் பக்கமிருந்து தகவல் இல்லை, அதனால் சேதம் இல்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

வாட்ஸ் கூட்டினால் போதாதா?

பலரும் முதலில் கை வைப்பது இதில்தான். ஆனால் அதே நான்காம் அடுக்கு விதிப்படி, சக்தியை இரட்டிப்பாக்கினால் தூரம் 19 சதவீதம்தான் கூடும். 15 கி.மீ. எட்டியது 18 கி.மீ. எட்டும். தூரம் இரட்டிக்க வேண்டுமென்றால் 16 மடங்கு சக்தி. 5 வாட் வாக்கி டாக்கியை 80 வாட் ஆக்க வேண்டும். கையில் பிடிக்கவே முடியாது.

ரிப்பீட்டரின் வாட்ஸைக் கூட்டுவது வாயை மட்டும்தான் பெருசாக்கும். ஆன்டெனாவின் உயரத்தைக் கூட்டினால் வாய், காது இரண்டுக்கும் லாபம். சமதரையில் ஆன்டெனா உயரத்தை இரட்டிப்பது, சக்தியை நான்கு மடங்காக்குவதற்குச் சமம். அதுவும் இரண்டு திசையிலும்.

அடுத்து, யாரும் கண்டுகொள்ளாத கேபிள். ரிப்பீட்டரையும் டவர் உச்சியில் இருக்கும் ஆன்டெனாவையும் இணைக்கும் அந்தக் கறுப்பு வயர்தான். மெல்லிய ஆர்.ஜி. 58 வகையில் 30 மீட்டர் இழுத்தால், வி.ஹெச்.எஃப்.பில் நான்கில் மூன்று பங்கு சக்தி வயரிலேயே சூடாகிக் கரைந்துவிடும். 40 வாட் மெஷின் வாங்கி ஆன்டெனாவுக்கு 10 வாட் கொடுக்கும் கதை. நல்ல தடிமனான கேபிள் போட்டால் 28 வாட் போய்ச் சேரும். இறங்கி வரும் பலவீனமான சிக்னலுக்கும் இதே இழப்பு உண்டு என்பதுதான் முக்கியம்.

கடைசியாக, ரிப்பீட்டரின் காதுக்குப் பக்கத்திலேயே அதன் வாய் இருக்கிறது. ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் வேண்டும். தன் சத்தமே தன் காதை அடைத்துவிடாமல் தடுக்க ‘டூப்ளெக்சர்’ என்ற வடிகட்டி தேவை. அது சரியாக டியூன் ஆகவில்லை என்றால், தூரத்திலிருந்து வரும் மெல்லிய சிக்னல்கள் காணாமல் போகும். மெஷின் ஓடும், விளக்கு எரியும், பக்கத்தில் இருப்பவர்கள் பேசுவார்கள். ரேஞ்ச் மட்டும் சுருங்கியிருக்கும்.

மழையில் சிக்னல் போகுமா?

மழை வந்தால் டி.டி.ஹெச். டிவி போய்விடுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் பயம் நியாயமானது. டி.டி.ஹெச். அலைவரிசை மிக அதிகம். மழைத்துளிகள் அதை விழுங்கிவிடும். ரிப்பீட்டர் இயங்கும் வி.ஹெச்.எஃப்.பில் மழையால் ஏற்படும் இழப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனால் கேபிள் இணைப்பில் தண்ணீர் இறங்கினால் கதை முடிந்தது. டேப் சரியாகச் சுற்றாத ஒரு கனெக்டர், புயலைவிட அதிக சேதம் செய்யும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கடலோரத்தில் சில நாள்களில், குளிர்ந்த காற்றின் மேல் வெதுவெதுப்பான காற்று அடுக்காக நிற்கும்போது, வி.ஹெச்.எஃப். சிக்னல் ஒரு குழாய்க்குள் போவதுபோல நூறு, இருநூறு கிலோமீட்டர் கூடப் போகும். “நம்ம ரிப்பீட்டர் அன்னிக்கு இருநூறு கிலோமீட்டர் எடுத்துச்சு” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது அந்த நாளின் அதிர்ஷ்டம். ரேஞ்ச் என்ற பெயரில் எழுதிவைக்க வேண்டியது, மோசமான நாளிலும் கிடைக்கும் தூரத்தை.

சாஃப்ட்வேர் என்ன சொல்லும்?

இந்தக் கணக்குகளையெல்லாம் கையால் போட வேண்டியதில்லை. ரேடியோ மொபைல் போன்ற இலவச சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. டவர் எங்கே, உயரம் எவ்வளவு, சக்தி எவ்வளவு, கேபிள் இழப்பு எவ்வளவு என்று கொடுத்தால், மலை, பள்ளம் எல்லாம் கணக்கில் எடுத்து மேப்பில் கலர் அடித்துத் தரும். வட்டத்துக்குப் பதில், கைவிரல்கள் விரிந்ததுபோல ஒரு ஒழுங்கற்ற வடிவம் வரும். அதுதான் உண்மைக்கு நெருக்கம். கொடுக்கும்போது ரிப்பீட்டரின் 50 வாட்டைக் கொடுக்கக் கூடாது, வாக்கி டாக்கியின் 5 வாட்டைக் கொடுக்க வேண்டும்.

ஆனாலும் ஒரு எச்சரிக்கை. இப்படிப்பட்ட சாஃப்ட்வேர்கள் பலவும் நம்பியிருக்கும் நில உயரத் தகவல், 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள்கள் ரேடார் மூலம் அளந்தது. சென்னையின் ஓ.எம்.ஆரில் இன்று நிற்கும் அடுக்குமாடிகளில் பெரும்பாலானவை அன்றைக்கு இல்லை. சாஃப்ட்வேருக்கு அவை தெரியாது. கான்கிரீட் கட்டிடத்துக்குள் போனால் சிக்னல் 10 முதல் 20 டெசிபெல் வரை குறையலாம். 12 டெசிபெல் குறைந்தாலே எட்டும் தூரம் பாதியாகிவிடும். வெளியே 15 கி.மீ. என்றால் உள்ளே ஏழரை. பேஸ்மென்ட் கார் பார்க்கிங் என்றால் அதுவும் சந்தேகம். வாக்கி டாக்கியை இடுப்பில் மாட்டிக்கொண்டு காலர் மைக்கில் பேசினால் உடம்பே ஒரு பங்கைத் தின்றுவிடும்.

ஆகவே, கடைசிப் பரிசோதனை கால்நடையாகத்தான். கையில் அதே வாக்கி டாக்கி, அதே குட்டை ஆன்டெனா. ஒருவர் கட்டுப்பாட்டு அறையில், ஒருவர் களத்தில். பஞ்சாயத்து அலுவலகம், பள்ளிக்கூடம், புயல் பாதுகாப்பு மையம், பாலம், ஆஸ்பத்திரி என்று ஆள்கள் நிற்கப்போகும் இடங்களில் நின்று பேசிப் பார்க்க வேண்டும். வெளிநாடுகளில் போலீஸ், தீயணைப்புத் துறையின் ரேடியோக்களுக்கு ‘டி.ஏ.க்யூ.’ என்ற 1 முதல் 5 வரையிலான மதிப்பெண் இருக்கிறது. அதன் சாரம் எளிமையானது: எதிரில் இருப்பவரை “மறுபடி சொல்லுங்க” என்று எத்தனை முறை கேட்க வேண்டியிருக்கிறது? எப்போதாவது ஒருமுறை என்றால் பாஸ். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என்றால் அந்த இடம் ஃபெயில். சிக்னல் பாரில் எத்தனை கோடு காட்டுகிறது என்பது பதில் அல்ல.

பேட்டரியும் ரேஞ்சும்

தூரத்தைப் பற்றியே பேசி மறந்துவிடும் இன்னொரு அளவு, நேரம். 40 வாட் ரிப்பீட்டர் பேசிக்கொண்டிருக்கும்போது 12 வோல்ட்டில் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். பேரிடர் நேரத்தில் பாதி நேரம் பேச்சு ஓடினால், 100 ஆம்பியர் ஹவர் பேட்டரி தியரிப்படி 20 மணி நேரம். பழைய பேட்டரி என்றால் இன்னும் குறைவு. கஜாவில் கரண்ட் திரும்ப வர பல ஊர்களில் எத்தனை நாள் ஆனது என்பது டெல்டா மக்களுக்குத் தெரியும். பேட்டரி தீர்ந்த ரிப்பீட்டரின் ரேஞ்ச் பூஜ்யம். சோலார் பேனலோ, பேட்டரி மாற்ற ஏறிப் போக வழியோ இல்லாத டவர், எவ்வளவு உயரமாக இருந்தும் பயனில்லை.

நாமே வாங்கி வைக்கலாமா?

அபார்ட்மென்ட் அசோசியேஷன், டிரெக்கிங் குழு, தன்னார்வலர்கள் எனப் பலருக்கும் ஆன்லைனில் ஒரு செட் வாங்கிப் போட்டுவிடலாம் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். இந்தியாவில் வயர்லெஸ் கருவிகளுக்கு லைசென்ஸ் கட்டாயம். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த சக்திக் கருவிகள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. உரிய தகவல் இல்லாமல் வாக்கி டாக்கி விற்றதற்காக 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. முறையான வழி, மத்திய அரசின் தேர்வு எழுதி ஹாம் லைசென்ஸ் வாங்குவது. 12 வயது நிரம்பிய யாரும் எழுதலாம். ரேஞ்ச் பற்றி உட்கார்ந்து கணக்குப் போடத் தெரிந்த ஆள்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பது, அவசர நேரத்தில் ஒரு டவருக்குச் சமம்.

கேட்க வேண்டிய கேள்வி

“ரேஞ்ச் எவ்ளோ?” என்ற கேள்விக்கு நேர்மையான ஒற்றைப் பதில் கிடையாது. அதனால் கேள்வியை மாற்ற வேண்டும்: “இந்த ஊர்களில், இந்த இடங்களில், ஒருவர் கையில் இருக்கும் வாக்கி டாக்கியில் பேசினால் கட்டுப்பாட்டு அறையில் கேட்குமா?” டெண்டரிலும் இதைத்தான் எழுத வேண்டும். 50 கி.மீ. என்று எழுதி வாங்கினால், ஏதோ ஒரு மலை மேல் நின்று ஒருமுறை பேசிக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட முடியும். இடங்களின் பெயரை எழுதி, ஒவ்வொன்றிலும் இரு திசையிலும் பேசிக் காட்டினால்தான் பணம் என்று எழுதினால், அப்படித் தப்ப முடியாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் செப்டம்பரில் ஒரு வாரம் ஒதுக்கினால் ஒரு மாவட்டத்தில் நிறைய இடங்களைச் சுற்றி வரலாம். பெரிய செலவில்லை, ஒரு வண்டி, இரண்டு வாக்கி டாக்கி, ஒரு நோட்டுப் புத்தகம். பேசவும் கேட்கவும் முடிகிற இடத்துக்குப் பச்சை. கேட்க மட்டும் முடிகிற இடத்துக்கு மஞ்சள். எதுவுமில்லாத இடத்துக்குச் சிவப்பு. அந்த மேப் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் தொங்க வேண்டும். பஞ்சாயத்துகளுக்கும் போக வேண்டும்.

சிவப்பு இருப்பது அவமானம் இல்லை. எந்த ரிப்பீட்டருக்கும் நிழல் உண்டு. சிவப்பு எங்கே என்று முன்கூட்டியே தெரிந்தால், அந்த ஊருக்கு ஒரு மொட்டை மாடி ஆன்டெனாவோ, இரண்டாவது ரிப்பீட்டரோ, குறைந்தபட்சம் தகவல் கொண்டுவர ஒரு பைக்கோ ஏற்பாடு செய்துவிடலாம். அதைவிட முக்கியம் மஞ்சள். அங்கே இருப்பவரிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும்: “உங்களுக்கு நாங்க பேசுறது கேக்கும். நீங்க பேசுறது எங்களுக்குக் கேக்காது. பேசணும்னா அந்தப் பள்ளிக்கூட மொட்டை மாடிக்கு ஏறிப் போங்க.”

இந்த ஒரு வரி, வெள்ளம் சூழ்ந்த இரவில் ஒரு ஊரைக் காப்பாற்றக்கூடும். எந்தப் பெட்டியிலும் இது அச்சிட்டு வராது. யாராவது ஒருவர் முன்பே அந்த ஊருக்குப் போய், நின்று, பேசிப் பார்த்திருந்தால்தான் கிடைக்கும்.